கூப்பர் பிளாக்கும் கடலை மிட்டாயும்

எங்கள் ஸ்டூடியோவில் லெட்ராசெட் தாள்கள் இருந்த இரும்பு பீரோவின் சாவி மாஸ்டரின் சட்டைப் பையை விட்டு வெளியே வராது. காரணம் விலை. இங்கிலாந்துச் சரக்கு. கென்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்ட் என்ற ஊரில் தயாராகி, கப்பலேறி, சுங்கம் கட்டி, மவுண்ட் ரோடு கடைக்கு வந்து சேர்வதற்குள் அதன் விலை எங்கோ போயிருக்கும். 1980 வாக்கில் மதராஸில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஃபினிஷிங் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். தாள் வேண்டுமென்றால் மாஸ்டரிடம் போய், எந்த எழுத்து, என்ன சைஸ், எத்தனை என்று சொல்ல வேண்டும். "எதுக்கு?" என்பார். சொன்னால் பாதி தடவை, "கையால எழுதுடா" என்று பதில் வரும்.

கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டிப் பழகியவர்களுக்கு லெட்ராசெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கத்தில் எழுத்துகள் அச்சாகியிருக்கும். தாளை அட்டையில் வைத்து எழுத்தின் மேல் மொட்டைப் பேனாவாலோ ஸ்பூனின் பின்பக்கத்தாலோ தேய்த்தால், எழுத்து தாளை விட்டு அட்டையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டாம், பசை வேண்டாம். 1961-ல் இந்த உலர்முறை வந்த பிறகு, உலகம் முழுக்க விளம்பரக் கம்பெனிகளில் தலைப்பெழுத்துக்காக அச்சகத்துக்கு ஆள் ஓடுவது குறைந்தது. முதலில் அட்டையில் வெளிர்நீலப் பென்சிலால் கோடு போடுவோம். அந்த நீலம், அச்சுக்காக அட்டையைப் படமெடுக்கும் பிராசஸ் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தை அந்தக் கோட்டில் உட்கார வைத்து, ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். கறுப்பு லேசாகச் சாம்பல் பூத்தால் எழுத்து தாளை விட்டுவிட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டுத் தூக்கினால் பாதி எழுத்து தாளிலேயே நின்றுவிடும்.

தாளில் எந்த எழுத்து எத்தனை இருக்க வேண்டும் என்பதை ஆங்கிலச் சொற்களை வைத்து முடிவு செய்திருந்தார்கள். 'ஈ' தாராளமாக இருக்கும். நம் ஊர்ப் பெயர்களுக்கு வேண்டியது 'ஏ'. சரஸ்வதி, நாகராஜா என்று எதை எழுதினாலும் முதலில் தீர்வது அதுதான். 'ஏ' எல்லாம் போய், மற்ற எழுத்துகள் அப்படியே கிடக்கும் தாள்கள் பீரோவின் கீழ்த்தட்டில் கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றை வைத்து வித்தை காட்டுவதுதான் எங்கள் தொழிலின் பாதி. 'ஈ'யின் கீழ்க்கோட்டைப் பிளேடால் சுரண்டினால் 'எஃப்'. 'ஓ'வுக்கு வால் வரைந்தால் 'க்யூ'. 'பி'யோடு 'கே'யின் காலை ஒட்டினால் 'ஆர்'. 'எல்'லின் மேல்பாதியையும் 'என்'னையும் சேர்த்தால் 'எச்'. மெலிந்த எழுத்துகளில் இந்த ஒட்டுப்போட்ட இடம் தெரிந்துவிடும். கூப்பர் பிளாக்கில் தெரியாது. அந்தக் கொழுத்த உடம்பில் எந்தத் தழும்பையும் கறுப்பு மை தொட்டு மறைத்துவிடலாம்.

கூப்பர் பிளாக் என்ற பெயரைக் கேட்டிராதவர்களும் அந்த எழுத்தைப் பார்த்திருப்பார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமான விமானங்களை ஓட்டும் ஈஸிஜெட் கம்பெனியின் பெயர்ப்பலகை அந்த எழுத்துதான். பீச் பாய்ஸ் குழுவின் 1966 இசைத்தட்டான 'பெட் சவுண்ட்ஸ்' உறையில் பச்சைப் பின்னணியில் இருப்பதும் அதுவே. ஒவ்வொரு எழுத்தும் ஆவியில் உப்பின இட்லி போல இருக்கும். எங்கும் கூர்முனை கிடையாது. செரிஃப் என்று நாங்கள் சொல்லும் அடிப்பாதம் எல்லா எழுத்திலும் உண்டு. ஆனால் அது தட்டையாகத் தரையில் பதியாமல் அடியில் லேசாகப் பிதுங்கி நிற்கும். தடித்த சதுரப் பாதம் வைத்த ஸ்லாப் செரிஃப் எழுத்துகளோடு இதைச் சேர்ப்பதா கூடாதா என்று எழுத்துருப் பண்டிதர்கள் வாதாடுவார்கள். சேர்க்கக் கூடாது என்பவர்கள் பக்கம் இலக்கண நியாயம் இருக்கலாம். எங்களிடம் கடிதத்தலைப்பு கேட்டு வருகிறவர்கள் "தடியா, உருண்டையா, கால் வச்ச எழுத்து" என்றுதான் கேட்டார்கள். அந்த மூன்றுக்கும் பொருந்தியது இது ஒன்றுதான்.

அடி பிதுங்கியிருப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தட்டைப் பாதம் வைத்த எழுத்தை ஒரு மயிரிழை ஏற்றியோ இறக்கியோ ஒட்டினால் வரிசை கோணலாவது பளிச்சென்று தெரியும். கூப்பர் பிளாக்கில் அடிக்கோடே கொஞ்சம் அலை அடிப்பதால் பிசகு அதில் கரைந்துவிடும். மார்கழியில் வேலை சுத்தமாக வரும். சித்திரை வெயிலில் ஃபேன் காற்றில், வியர்த்த விரலோடு ஒட்டினால் எந்த எழுத்தும் கோணும். அந்த மாதங்களில் மாஸ்டர் தாமாகவே கூப்பரை எடுத்துக் கொடுப்பார். ஒரு தொல்லையும் இருந்தது. தாள் பழசானால் எழுத்து வெடிக்கும். மெல்லிய எழுத்தில் ஒரு கீறல்தான் விழும். கூப்பரின் அகன்ற கறுப்பிலோ வறண்ட கண்மாய்த் தரை தெரியும். ஜீரோ நம்பர் பிரஷ்ஷில் இண்டியன் இங்க் தொட்டு விரிசல் விரிசலாக அடைத்துக்கொண்டு எத்தனையோ சாயங்காலங்கள் போயிருக்கின்றன.

கூப்பர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னாளில் தேடிப் படித்தேன். ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர், நண்பர்களுக்கு ஆஸ். 1879-ல் ஒஹாயோவில் பிறந்து கான்சாஸில் வளர்ந்தவர். படம் வரையும் ஆசையில் சிகாகோவுக்கு வந்து ஃபிராங்க் ஹோம் நடத்திய சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எழுத்து வரையச் சொல்லிக் கொடுத்தவர் ஃபிரெடரிக் கவுடி. பின்னால் அமெரிக்காவின் பெரிய எழுத்துருக் கலைஞர் என்று பெயர் வாங்கிய அதே கவுடிதான். படத்தைவிட எழுத்துதான் தனக்கு வருகிறது என்று கூப்பருக்கு அங்கே புரிந்தது. 1904-ல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பெர்ட்ஷ் அண்ட் கூப்பர் என்ற கடையைத் திறந்தார். விளம்பரத்துக்கு எழுத்து வரைவது, வாசகம் எழுதுவது, பக்கம் கட்டுவது எல்லாம் அங்கே நடந்தன. அதாவது எங்களைப் போன்ற ஒரு ஸ்டூடியோக்காரர். இது தெரிந்தபோது எனக்கு அவர் மேல் ஒரு சொந்தம் உண்டானது. கூப்பர் பிளாக்கை வரைந்த கைக்கு வாடிக்கையாளரின் அவசரமும் தெரியும், மட்டமான தாளும் தெரியும்.

அவர் விளம்பரங்களுக்குக் கையால் எழுதிய எழுத்தைப் பார்த்த சிகாகோ எழுத்து வார்ப்பகம், பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர், அதையே ஈய எழுத்தாக வார்க்கலாம் என்றது. முதலில் சாதாரணத் தடிமனில் கூப்பர் என்ற எழுத்து வந்தது. 1922-ல் கூப்பர் பிளாக் வெளியானது. பழைய ரசனைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், அச்சகங்கள் அள்ளிக்கொண்டு போயின. தொலைநோக்குள்ள அச்சகக்காரர்களுக்கும் கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் செய்த எழுத்து இது என்று கூப்பரே கேலியாகச் சொல்லிக்கொண்டார். போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. லட்லோ கம்பெனி கிட்டத்தட்ட இதே சாயலில் ஒன்றை இறக்கியது. மானோடைப் கம்பெனிக்காக 1925-ல் கவுடி ஹெவிஃபேஸ் என்று ஒரு கொழுத்த எழுத்தைச் செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? கூப்பரின் வாத்தியாரான அதே கவுடி. மாணவன் கிளப்பிய மோஸ்தருக்கு ஆசிரியர் பின்பாட்டுப் பாடிய கதை இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மாணவன்தான் ஜெயித்திருக்கிறான்.

ஏன் ஜெயித்தான் என்பதை எழுத்தின் உள்ளே பார்த்தால்தான் தெரியும். கொழுத்த எழுத்து என்றதும் எல்லோரும் வெளிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். கூப்பர் பிளாக்கின் 'ஓ'வை எடுத்து உள்ளே இருக்கும் வெள்ளையை மட்டும் பாருங்கள். சின்னதாக, சாய்ந்து, சாய்ந்த பக்கத்தில் கொஞ்சம் கூர்த்திருக்கும். வெளிவட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்ளே இருக்கும் வெள்ளை மட்டும் பின்னால் சாய்ந்து ஓய்வெடுக்கும். 'ஏ', 'ஈ', 'பி' எல்லாவற்றிலும் அதே சாய்வு. அந்தச் சாய்வு பேனாவைச் சரித்துப் பிடித்து எழுதிய கையிலிருந்து வந்தது. கவுடியின் ஹெவிஃபேஸில் உடம்பு பருத்ததே தவிர இந்த ஓய்வு வரவில்லை.

1930-களில் ஐரோப்பாவிலிருந்து கால் இல்லாத, ஸ்கேலும் காம்பஸும் வைத்துப் போட்டது போன்ற எழுத்துகள் வந்து கூப்பர் பிளாக்கைப் பழைய பஞ்சாங்கமாக்கின. கூப்பர் 1940-ல் இறந்தார். பிற்பாடு ஃபோட்டோ முறையில் எழுத்துக் கோக்க ஆரம்பித்ததும் அது மறுபடி எழுந்தது. ஈய எழுத்தைச் சுற்றி ஈயக்கட்டை இருக்கும். ஓர் எழுத்தை இன்னொன்றின் மேல் இடிக்க விட முடியாது. ஃபிலிமில் முடியும். கொழுத்த எழுத்துகளை ஒன்றோடொன்று உரச உரச அடுக்கும் மோஸ்தர் 1960-களிலும் 70-களிலும் பரவியது. அதன் கடைசி அலைதான் லெட்ராசெட் தாளில் ஏறி எங்கள் பீரோவுக்கு வந்திருந்தது.

இனி மிட்டாய்க்கு வருகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கடலை மிட்டாய் முதலாளி எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. கரிசல் மண்ணின் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு அது குடிசைத் தொழில், பாலித்தீன் பையில் ஒரு காகிதச் சீட்டைச் செருகிக் கட்டி விற்பார்கள். அண்ணாச்சிக்கு அந்தச் சீட்டை மாற்ற வேண்டும். கையோடு ஒரு டாஃபி டப்பா கொண்டுவந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்ததாம். மூடியில் கூப்பர் பிளாக்.

"இந்த எழுத்துல்லா எழுத்து! இங்கிலீஷ்ல கம்பெனி பேரை இப்படியே போட்டுருங்க தம்பி. கீழ 'கடலை மிட்டாய்'னு தமிழ்ல போடணும். அதுவும் இதே மாதிரி கொழுகொழுன்னு, கால் வச்சு."

ஆங்கிலத்துக்குப் பீரோ இருக்கிறது. எங்களிடம் தமிழுக்கு லெட்ராசெட் தாள் எதுவும் இருக்கவில்லை. தமிழ்த் தலைப்பு என்றாலே கையெழுத்துதான். பத்திரிகைத் தொடர்கதைத் தலைப்பு, சினிமா விளம்பரம், துணிக்கடை போர்டு எல்லாம் யாரோ ஒருவர் பிரஷ் பிடித்து எழுதியவை. அதில் பெரிய கைகள் இருந்தன. இலக்கியப் புத்தக அட்டைகளுக்கு ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்து நாங்கள் பிரமித்த காலம் அது. ஆனால் அவரவர் கையோட்டத்தில் எழுதுவது வேறு. சிகாகோக்காரர் ஒருவரின் எழுத்துக்குத் தமிழில் உடன்பிறப்பு செய்வது வேறு. மாஸ்டர் அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, "அண்ணாச்சி சொன்னபடியே முதல்ல ஒண்ணு போடு, கால் வச்சே போடு. அவரே பாக்கட்டும்" என்றார்.

கால் வைத்துப் பார்த்தால்தான் தமிழ் எழுத்தின் எலும்பு தெரியும். ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவை தரையில் நிற்பவை. 'எச்', 'ஐ', 'எல்', 'என்' எல்லாவற்றுக்கும் குச்சி கீழே வந்து முடிகிறது, முடிகிற இடத்தில் பாதம் வைக்கலாம். நம் எழுத்துகளில் கோடு முடியும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ப-வுக்குக் கீழே நுனியே இல்லை. இரண்டு நுனியும் மேலே இருக்கின்றன. அங்கே பாதம் வைத்தால் எழுத்து தலைகீழாகச் சிரசாசனம் செய்யும். ய-வுக்கு மேலே மூன்று நுனிகள், பாதம் வைத்தால் மூன்று கொம்பு. சுழித்துக்கொண்டு உள்ளேயே முடியும் எழுத்துகளுக்கோ பாதம் வைக்க இடமே கிடையாது.

ட இன்னும் மோசம். மேலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பித் தரையோடு ஓடி முடிகிற எழுத்து. அந்த வலது நுனியில் கூப்பர் பாணியில் ஒரு திரட்சி வைத்தால் அது மேல்நோக்கி மூக்கை நீட்டும். கொஞ்சம் நீண்டாலும் ட ப-வாகிவிடும். அடுத்தது துணைக்கால். அதற்குக் கீழே நுனி இருக்கிறது, பாதம் வைக்க அருமையான இடம். ஆனால் துணைக்காலின் அடியில் பக்கவாட்டில் எது நீண்டாலும் கண் அதை ர என்று படிக்கும். ர-வையும் காலையும் பிரிப்பதே அந்த அடிக்கீற்றுதானே.

சொன்னபடி எல்லா நுனிக்கும் கால் வைத்துப் பெரிதாக வரைந்து கறுப்பு ஏற்றி வைத்தேன். அடுத்த தடவை வந்த அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கப... கபலை... மிப்பரய்... என்ன தம்பி இது? மிப்பரய்யா?"

மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். டீ வாங்கிவரப் போனதாகப் பிறகு சொன்னார். அண்ணாச்சி கோபிக்கவில்லை. வியாபாரி, உடனே புரிந்துகொண்டார். "அப்ப கால் வேண்டாம். கொழுப்பு மட்டும் போதும்" என்றார்.

கொழுப்பு மட்டும் என்பது கேட்கத்தான் சுலபம். தமிழ் எழுத்தைத் தடியாக்குகிறவன் முதலில் இடிப்பது சுழியில். மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். எந்தச் சொல்லை எழுதப்போகிறாயோ அதில் ண இல்லாவிட்டாலும், ண-வை வரைந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மூன்று சுழி தெளிவாக நிற்கிற தடிமன்தான் அந்த எழுத்துக்குத் தாங்கும் தடிமன். அதற்கு மேல் போனால் ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் போய்விடும். அந்த விதிப்படி நான் முதலில் பிடித்த தடிமன் கூப்பர் பிளாக்கில் பாதிதான் இருந்தது. ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தமிழ் பட்டினி கிடந்தது மாதிரி தெரிந்தது.

அதற்கு வழியைக் கூப்பரிடமே எடுத்தோம். அவருடைய 'ஏ'வையும் 'ஈ'யையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கோடு எல்லா இடத்திலும் ஒரே பருமன் இல்லை என்பது தெரியும். வெளிவளைவு பருத்திருக்கும். உள்ளே குறுக்கே ஓடும் கோடுகள் மெலிந்திருக்கும். கண் வெளிக்கோட்டைப் பார்த்து "கொழுத்தது" என்று முடிவு கட்டிவிடுகிறது, உள்ளே நடந்த சிக்கனத்தைக் கவனிப்பதில்லை. நாங்களும் வெளிவளைவை எல்லாம் பருக்க வைத்து, சுழிக்குள் நுழையும் கோட்டை இளைக்க வைத்தோம். வெள்ளைகளைச் சாய்வாக்கினோம். ல-வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை நேராக இருந்தபோது எழுத்து விறைத்துக்கொண்டு நின்றது. அதைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்ததும் சட்டென்று அந்த டாஃபி டப்பாவுக்கு உறவுக்காரன் ஆனது. நுனிகளில் பாதத்துக்குப் பதில் வெறும் உருட்டல். ட-வின் வலது நுனி கீழ்ப்பக்கம் மட்டும் லேசாகப் பிதுங்கியது, மேலே ஒரு இம்மி கிடையாது. துணைக்கால் அடியில் இருபுறமும் ஒரே அளவாக உருண்டு முடிந்தது, அதனால் ர என்ற சந்தேகம் எழவில்லை.

புள்ளிதான் கடைசி வரை படுத்தியது. 'மிட்டாய்' என்ற சொல்லில் இரண்டு புள்ளி. எழுத்தின் பருமனுக்கே புள்ளியும் வைத்தால் அது எழுத்தோடு மோதும், சீட்டைச் சுருக்கினால் ஒட்டிக்கொள்ளும். சின்னதாக வைத்தால் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெயிண்டர்கள் சிலர் நடுவில் ஓட்டை விட்டு வளையமாக வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மாஸ்டர் தம் இழுப்பறையிலிருந்து பொருளைச் சிறிதாக்கிக் காட்டும் லென்ஸை எடுத்துக் கொடுத்தார். அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, எட்ட நின்று அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தால், அச்சில் சுருங்கியபின் எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடும். முக்கால் பருமன், கொஞ்சம் நீள்வட்டம், எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் தாராளமான வெள்ளை. அதில் நிறுத்தினோம்.

லை-யில் ஒரு சண்டை வந்தது. தமிழ்நாட்டு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டிருந்தது. பெரியார் 1935-லிருந்தே 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்கள் அவை. ஐகாரத்துக்கு யானைத் தும்பிக்கை போல வளைந்து ல-வோடு ஒட்டியிருந்த பழைய கொக்கி போய், இரட்டைச் சுழிக் கொம்பு தனியாக முன்னால் நிற்கும் லை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் புதியதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடை போர்டுகளில் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. கொள்கையளவில் நான் சீர்திருத்தக் கட்சி. ஆனால் அட்டையைப் பார்த்தால் தும்பிக்கை அள்ளிக்கொண்டு போகிறது. கூப்பர் பாணிக்கென்றே பிறந்தது போன்ற வளைவு அது. உருண்டு, ஏறி, தலைக்கு மேல் படுத்து இறங்கும். இடமும் மிச்சம். புதிய லை-யின் கொம்பு ஓர் எழுத்தளவு அகலத்தை விழுங்கியது. சீட்டின் அகலம் மாறாது, அதனால் மொத்தச் சொல்லையும் சிறிதாக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சியிடம் இரண்டையும் காட்டினோம்.

"எங்க அய்யா காலத்துப் பலகையில தும்பிக்கைதான். அதையே வைங்க."

மாஸ்டருக்குச் சந்தோஷம். எனக்கும்தான், வெளியே சொல்லவில்லை. மகன் வியாபாரத்துக்கு வந்த பிறகு மறுஅச்சில் கொம்பு வைத்து எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். மிட்டாயின் விற்பனை கூடவுமில்லை, குறையவுமில்லை.

சீட்டு சிவகாசியில் அச்சானது. மட்டமான தாள். மை விழுந்த இடத்தில் நிற்காமல் பரவும். கூர்மையான மூலை உள்ள எழுத்துகள் அந்த மாதிரித் தாளில் மூலை மழுங்கி அசிங்கப்பட்டு வரும். எங்கள் எழுத்தில் மழுங்குவதற்கு மூலையே இல்லை. முதல் புரூஃபில் சீட்டின் அடியிலிருந்த விலாசமும் எடையும் பொடியாகப் போட்டதால் அடைத்துப் போயிருந்தன. 'கடலை மிட்டாய்' மட்டும் நாங்கள் அட்டையில் விட்டுவந்தபடியே, இன்னும் கொஞ்சம் சதை போட்டு உட்கார்ந்திருந்தது. சுழிகளை இளைக்க வைத்ததற்கு அங்கேதான் கூலி கிடைத்தது. மை பரவிச் சுழி பாதி அடைந்தும் மீதி வெள்ளை திறந்தே இருந்தது. அண்ணாச்சி இன்னொன்று கேட்டார். எழுத்தின் மேல் ஒரு மினுக்கு வேண்டும், பாகு பளபளப்பது மாதிரி. பிரஷ்ஷில் வெள்ளை தொட்டு ஒவ்வொரு எழுத்தின் இடத்தோளிலும் ஒரு கீற்று இழுத்தேன். ஏதோ நம்மூர் ரசனை என்றுதான் அப்போது நினைத்தேன். கூப்பரும் 1925-ல் இதையே செய்து, கூப்பர் ஹைலைட் என்று பெயர் வைத்து வார்ப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்று படித்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன். சிகாகோவிலும் ஓர் அண்ணாச்சி இருந்திருப்பார்.

லெட்ராசெட்டின் கதை கம்ப்யூட்டரோடு முடிந்தது. எங்கள் பீரோவை யாரோ எடைக்குப் போட்டார்கள். நான் இப்போது வரைவதில்லை. கை நடுங்குகிறது. ஆனால் போர்டு பார்க்கும் பழக்கம் போகவில்லை. இன்றைக்குத் தமிழில் நல்ல எழுத்துருக்கள் எத்தனையோ வந்திருக்கின்றன, பருமன் வேண்டிய அளவு கூட்டிக் குறைக்கக்கூடியவையும் உண்டு. இருந்தும் தெருவில் பார்க்கும் ஃப்ளெக்ஸ்களில் பாதிக்கு நடப்பது வேறு. மெலிந்த எழுத்தை எடுத்துச் சுற்றிலும் ஸ்ட்ரோக் ஏற்றிப் பருக்க வைக்கிறார்கள். மென்பொருளுக்குச் சுழி தெரியாது, வெளியே எவ்வளவு ஏற்றுகிறதோ அதே அளவு உள்ளேயும் ஏற்றும். கண்ணீர் அஞ்சலிப் பலகையில் ண ஒரு கறுப்புக் கட்டியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இறந்தவர் பெயரில் இரண்டு சுழி ன-வா மூன்று சுழி ண-வா என்று வாசலில் நின்றவர்களால் சொல்ல முடியவில்லை.

அண்ணன் மகள் ஒருத்தி டிசைன் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்திருந்தாள். ஏதோ ஒரு காப்பித்தூள் கம்பெனிக்குத் தமிழில் 'ரெட்ரோ' எழுத்து வேண்டுமாம். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஆங்கிலம் கூப்பர் பிளாக்கேதான். தமிழுக்கு அவளே வரைய ஆரம்பித்திருந்தாள்.

"சித்தப்பா, ட-வுக்கு இங்க ஒரு செரிஃப் வச்சா நல்லா இருக்கும்ல?"

"வை. வச்சுட்டு உங்க பாட்டிகிட்ட படிக்கச் சொல்லு."

அவள் வைத்தாள். திரையைத் திருப்பி என் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், "வெளிச்சம் கண்ணைக் கூசுதுடி, பெருசா போடு" என்றாள். பெரிதாகப் போட்டாள். "ப-ங்குறேன், இதுல என்ன சந்தேகம்?" என்றாள் அம்மா.

அதற்குள் நான் ஒரு காகிதத்தை எடுத்துவைத்திருந்தேன். "ண-விலிருந்து ஆரம்பி" என்று சொல்லிப் பென்சிலை அவளிடம் கொடுத்தேன்.